திருத்தவும் அல்லது நீக்கவும்

மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பாமல் தானே எழுந்து அவள் மேசைக்கு வருகிறார் என்றால் ஒன்று பாராட்டாக இருக்கும், இல்லையென்றால் வில்லங்கமாக இருக்கும். பாராட்ட வரும்போது கையில் டீக் கோப்பை இருக்கும். நின்றபடியே உறிஞ்சிக்கொண்டு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்று கை வெறுமையாக இருந்தது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் திரையில் இருந்ததைப் படிப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது என்பது இருவருக்கும் தெரியும்.

“ஒருத்தர் இறந்துட்டாரும்மா,” என்றார். “ஆத்தோர சென்டர் ஆளு. சிலிண்டர் போகல.”

வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறவர்களுக்கு நிரப்பிய சிலிண்டரைக் கொண்டுபோய் வைப்பதும் காலியானதை எடுத்து வருவதும் அந்த அலுவலகத்தின் வேலை. நகரத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சுகாதார மையம் இருந்தது. யார் யாருக்கு அன்றைக்கு சிலிண்டர் வேண்டும் என்று ஒவ்வொரு மையமும் காலையில் ஒரு கணினிக் கோப்பு அனுப்பும். ஓர் ஆளுக்கு ஒரு வரி. வரி தொடங்கும் இடத்தில் ஓர் அடைப்புக்குறி, முடியும் இடத்தில் ஓர் அடைப்புக்குறி. நடுவில் பெயர், முகவரி, சிலிண்டரின் அளவு, கடைசியாக நர்ஸ் எழுதும் குறிப்பு. ஒவ்வொன்றும் மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும், இடையிடையே காற்புள்ளி வேண்டும். அந்த ஒழுங்கு இருந்தால்தான் டிப்போ என்று எல்லோரும் சொல்லும் கிடங்கின் கணினிக்குப் படிக்க வரும். ஒழுங்கு இருக்கிறதா என்று வாசலிலேயே நிறுத்திச் சோதிக்கும் நிரலை எழுதியவள் அவள்தான். அந்த நிரலுக்கு அலுவலகத்தில் வாட்ச்மேன் என்று பெயர். அவளுக்கு பிராக்கெட் என்று பெயர். எங்கோ ஓர் அடைப்புக்குறி மூடாமல் விட்டுப்போனாலும் வாட்ச்மேன் கோப்பு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவான். அப்படியே அவளும் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட முதலில் புள்ளி, கமா பார்ப்பாள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். அரைகுறையாக ஒன்றை உள்ளே விட்டால் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டியது இன்னொருவர் வீட்டில் போய் நிற்கும் என்பாள். அது பொய்யும் இல்லை.

“அவரோட பொண்ணு டிப்போவுக்கு போன் பண்ணியிருக்கு. ஆர்டரே வரலன்னுட்டாங்க. சென்டருக்கு பண்ணியிருக்கு. அனுப்பிட்டோம்னுட்டாங்க. ரெண்டு பேருமே ஸ்கிரீனைப் பாத்துதான் சொல்லியிருக்காங்க. தொடர்ந்து ரெண்டு தடவை சிலிண்டர் போகல.” மேலாளர் மீதியை மென்று விழுங்கினார். “நம்ம பக்கம் ஏதாவது விட்டுப்போச்சான்னு மட்டும் பாரு. இல்லேன்னா ரெண்டே ரெண்டு வரி எழுதிக் குடு. மேலிடத்துக்கு இன்னைக்கே போகணும்.”

பார்த்தாள். அந்த இரண்டு நாள்களும் ஆற்றோர மையம் அனுப்பி, வாட்ச்மேன் ஏற்றுக்கொண்ட கோப்புகளைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். அடைப்புக்குறி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இறந்தவரின் பெயர்தான் எங்கும் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மையத்திலிருந்து வராத பெயருக்கு வாட்ச்மேன் என்ன செய்வான்? ‘ஏற்கப்பட்ட கோப்புகளில் பிழை எதுவும் இல்லை. மேற்படி நோயாளிக்கான பதிவு அக்கோப்புகளில் இடம்பெறவில்லை’ என்று எழுதி அனுப்பினாள். சற்று நேரத்தில் மேலாளர் கையில் டீயோடு அவள் மேசைப் பக்கம் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

திறந்திருந்த கோப்புகளை மூடப் போகும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு நாளும் ஏற்கப்பட்டது இரண்டாவது முறை அனுப்பிய கோப்பு. முதலில் அனுப்பியதை வாட்ச்மேன் திருப்பியிருந்தான். திருப்பிய கோப்புகளின் நகல் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டே இருக்கும். யாராவது போன் செய்து சண்டை போட்டால் எடுத்துப் பார்க்கலாம் என்று அவளே செய்து வைத்த ஏற்பாடு அது. இப்போதெல்லாம் யாரும் போன் செய்வதில்லை என்பதால் அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். முதல் நாளின் நகலைத் திறந்தாள். அதில் அந்த மனிதர் இருந்தார். பெயர், தெரு, பெரிய சிலிண்டர் என்று எல்லாம் ஒழுங்காக வந்து, குறிப்பு மட்டும் நடுவில் உடைந்து அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. ‘மகள் வேலைக்குப் போய்விடுவாள். இவரால் எழுந்து வந்து கதவு திறக்க முடியாது.’ அதோடு வரி முறிந்து, கீழே, ‘சாவி எதிர் வீட்டில்.’ எழுதிய நர்ஸ் சாவி விஷயம் பளிச்சென்று தெரியட்டும் என்று ஒரு எண்டர் தட்டியிருக்கிறார். வாட்ச்மேனுக்கு மேற்கோள் குறி மூடுவதற்கு முன் வரி முடியக் கூடாது. முடிந்துவிட்டதால் நிறுத்தியிருக்கிறான். இரண்டாவது முறை அனுப்பிய கோப்பில் அந்த மனிதரே இல்லை. இல்லாததால் பிழையும் இல்லை.

திருப்பி அனுப்பும்போது வாட்ச்மேன் சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி காட்டுவான். முதலில் அது ஆங்கிலத்தில் இருந்தது, அவளைப் போன்றவர்களுக்கு மட்டுமே புரியும் மாதிரி. அதனால் தினமும் காலையில் மையங்களிலிருந்து போன்மேல் போன் வரும். எந்த வரி, எந்த இடம், எங்கே கொண்டுபோய் கர்சரை வைக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி முடிப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். அவளுடைய வேலை எதுவும் நடக்காது. எல்லோருக்கும் புரிகிற மாதிரி செய்தியைத் தமிழில் மாற்றிவிடு என்று மேலாளர் சொன்னார். மாற்றினாள். ‘இந்த வரியில் பிழை உள்ளது. வரியைத் திருத்தவும் அல்லது நீக்கவும்.’ கோப்பின் கடைசியில் சில சமயம் வெற்று வரிகள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை மனதில் வைத்துத்தான் ‘அல்லது நீக்கவும்’ என்று போட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் முன் எழுதி முடித்த வேலை. அடுத்த வாரமே போன் நின்றுவிட்டது. ஒட்டுமொத்தமாக நின்றுவிட்டது. தலைவலி விட்டது என்று அவள் நிம்மதியாக இருந்தாள். அன்றைக்கும் மேலாளர் டீயோடு வந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கிறவர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் அன்றைய நிறம் நிற்கும். அன்று ஏதோ ஒரு பச்சை. முழுதும் கேட்டுவிட்டு அவள் தட்டைப் பார்த்தார்.

“சென்டர்ல பதிவு பண்ற அந்தம்மா அழிச்சதுக்கு நீ எதுக்குப் பட்டினி கெடக்கே?”

“அழிக்கச் சொன்னது நான்தாங்க.”

“நீ எங்க சொன்னே? கம்ப்யூட்டர்தான சொல்லிச்சு.” அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் அது ஆறுதலாக இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகாமல் நேரே ஆற்றோர மையத்துக்குப் போனாள். மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால், அலமாரிகளுக்கு நடுவே, ஒரு மேசை போடுகிற அளவுக்கு இடம். பதிவு வேலை பார்க்கும் அம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டவர். கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வலது மணிக்கட்டில் பட்டை சுற்றியிருந்தது. ‘யாருங்க?’ என்ற ஒரு சொல்லிலேயே அவளுக்குக் குரல் அடையாளம் தெரிந்தது. எத்தனை காலை வேளைகளில் போனில் கேட்ட குரல் அது. எந்த அலுவலகத்திலிருந்து வருகிறாள் என்று சொன்னாள்.

“பிராக்கெட் மேடமா? அட, குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையே. நான் நல்லா வாட்டசாட்டமா ஒருத்தரை நெனச்சு வச்சிருந்தேன்.” சிரித்தார். ஒரு நாற்காலியின் மேலிருந்த அட்டைப்பெட்டிகளைக் கீழே இறக்கி அவளை உட்காரச் சொன்னார். “நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க ஆபீஸ்லேருந்து என்னமோ ஒரு பேப்பர் வந்திருக்கு. கோப்புல பிழை இல்லை, இறந்துபோனவரோட பதிவு இடம்பெறலை, விளக்கம் குடுன்னு. டாக்டர் என்னைத்தான் எழுதச் சொல்றார். நான் என்னத்தை எழுதட்டும், நீங்களே சொல்லுங்க.”

அவளுடைய இரண்டு வரிகள்தான். மேலிடம் போய், முத்திரை குத்திக்கொண்டு, அவளுக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்திருந்தன. மேசைக்கண்ணாடிக்கு அடியில், ஒரு சின்னக் குழந்தையின் புகைப்படத்துக்குப் பக்கத்தில், அந்தக் காகிதத்தைப் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார். காலையில் நீங்கள் செய்வதை எனக்கு ஒரு தரம் செய்து காட்டுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

அந்த அம்மாள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. அன்றைய கோப்பைத் திறந்து அனுப்பினார். சிவப்பு எழுத்து வந்தது. கண்ணாடியை ஏற்றி மூக்கில் வைத்துக்கொண்டு, சொன்ன வரியைத் தேடிப் பிடித்தார். “இதுல என்ன தப்பு இருக்கு சொல்லுங்க? பேரு சரியா இருக்கு. தெரு சரியா இருக்கு. நானும் ஆரம்பத்துல உக்காந்து உக்காந்து பாத்தேன். கமா போட்டுப் பாத்தேன், எடுத்துப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. பத்து மணிக்குள்ள போகலேன்னா டிப்போல லாரி கிளம்பிடும். ஒருத்தருக்காக அத்தனை பேரையும் நிறுத்தி வைக்க முடியுமா?” கேட்டுக்கொண்டே வரியின் மேல் மவுஸை இழுத்து, ஒரே தட்டில் அழித்தார். மறுபடியும் அனுப்பினார். பச்சை வந்தது. “அவ்வளவுதான். நீங்க ‘நீக்கவும்’னு போட்டதுக்கப்புறம்தான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு. மத்த சென்டர்ல எல்லாம் தெரியாம முழிச்சிட்டிருந்தாங்க. நான்தான் ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லிக் குடுத்தேன்.”

அவள் திரையில் அந்த வரி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

“அழிச்ச வரி,” என்றாள். “அது என்ன ஆகும்னு நெனச்சீங்கம்மா?”

“உங்ககிட்ட வரும்.” அந்த அம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னார். “நாங்க இங்க நீக்கினா அது உங்ககிட்ட வந்துடும், நீங்க சரி பண்ணி அங்கேருந்தே போட்டுடுவீங்க. முன்னாடி போன்ல அப்படித்தான சொல்வீங்க? ‘சரி விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்’னு?”

சொல்லியிருக்கிறாள். காலை நெருக்கடியில் வாய்க்கு வந்தபடி நூறு தடவை சொல்லியிருக்கிறாள். சொன்ன பிறகு உண்மையாகவே பார்த்தும் இருக்கிறாள். கோப்பை அலுவலகத்திலிருந்தே இழுத்துத் திருத்தி அவளே உள்ளே விட்டிருக்கிறாள். போன் நின்ற அன்று அதுவும் நின்றது. நின்றது என்று யாருக்கும் சொல்லவில்லை.

அவள் முகத்தைப் பார்த்து அந்த அம்மாளின் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது.

“வராதா?” என்று கேட்டார்.

மருந்து ஜன்னலில் யாரோ சில்லறையால் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. கழுத்திலிருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே போனார், விரல் நுனி வெளுக்கும் வரைக்கும். “அப்ப அவரு...” என்று தொடங்கினார். பிறகு மிகவும் தணிந்த குரலில், “அவரோட பொண்ணு போன் பண்ணினப்போ அனுப்பியாச்சும்மா, வந்துடும்னு நான்தான் சொன்னேன். ரெண்டு தடவையும் நான்தான் சொன்னேன்,” என்றார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். அன்று அழித்த வரியை அவரிடமிருந்து கேட்டு வாங்கி, எண்டரை எடுத்துவிட்டு, அந்த மேசையிலேயே உட்கார்ந்து உள்ளே அனுப்பினாள். லாரி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அன்றைக்கு ஓர் ஆளுக்கு சிலிண்டர் போகும். அதற்கு அந்த அம்மாள் நன்றி சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகச் செய்தியிலிருந்து ‘அல்லது நீக்கவும்’ என்பதை எடுத்தாள். குறிப்புக்குள் வரி முறிந்தால் வாட்ச்மேன் தானே ஒட்டிக்கொள்ளும்படி மாற்றினாள். மாற்றுவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதான் வேலை. எல்லா மையங்களிலிருந்தும் திருப்பப்பட்ட கோப்புகளை எடுத்து, இரண்டாம் முறை வந்ததோடு ஒப்பிட்டு, நடுவில் காணாமல் போனவர்களை மட்டும் பிரித்தாள். திரை நிரம்பிக் கீழே ஓடியது. ஒவ்வொரு குறிப்பாகப் படித்துக்கொண்டு போனபோதுதான் அவளுக்கு விளங்கியது. நன்றாக நடமாடுகிறவர்களுக்குக் குறிப்பே கிடையாது. பெயர், தெரு, அத்தோடு சரி. அவர்களின் வரி ஒருநாளும் முறியாது. காது கேட்காதவர், தனியாக இருப்பவர், படுத்த படுக்கையாகக் கிடப்பவர், கண் தெரியாத மனைவியோடு இருப்பவர் ஆகியோருக்குத்தான் நர்ஸ்கள் நிறைய எழுதியிருந்தார்கள். அக்கறையாக, பத்தி பிரித்து, எண்டர் தட்டித் தட்டி எழுதியிருந்தார்கள். யாருக்கு மிகவும் முடியவில்லையோ அவர்களாகப் பார்த்துப் பொறுக்கி வாட்ச்மேன் வெளியே நிறுத்தியிருந்தான். யாராவது வேண்டுமென்றே திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

மேலாளரின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

“சரி பண்ணிட்டேல்ல?”

“பண்ணிட்டேன் சார்.”

“அப்ப அதோட விடும்மா. எல்லா சென்டரும்னு எழுத்துல போயிடுச்சுன்னா நம்ம யாருக்கும் வேலை இருக்காது. நீ ஒண்ணும் பொய் எழுதலையே. நீ எழுதின ரெண்டு வரியும் உண்மைதானே?”

“உண்மைதான் சார். அதை வச்சு அந்தம்மாகிட்ட விளக்கம் கேக்கறாங்க.” கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “மூணாவதா ஒரு வரி சேத்து மேலிடத்துக்கு இப்பதான் அனுப்பினேன். வரியை நீக்கச் சொன்னது நிரல், அந்தச் செய்தியை எழுதினது நான்னு.”

மேலாளர் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றாள். அவருக்கு மூன்று பிள்ளைகள், வீட்டுக் கடன் வேறு. திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள். அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “எத்தனை பேரு?” என்று கேட்டார். சொன்னாள். “பாதியை எனக்கு அனுப்பு,” என்று சொல்லிவிட்டு மேசைப் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

மாலை வரைக்கும் இருவரும் போன் செய்தார்கள். சிலர் எடுத்ததும் கண்டபடி ஏசினார்கள். ஏசக் குரல் இருக்கிறதே என்று அவளுக்கு நன்றியாகக்கூட இருந்தது. சிலர் கைக்காசு போட்டு வெளியில் சிலிண்டர் வாங்கியிருந்தார்கள். சிலரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண், “இனிமே வேண்டாங்க,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று திரும்பக் கூப்பிட்டுக் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. மேலாளரின் அறையிலிருந்து, “மன்னிச்சுக்கங்கம்மா, எங்க தப்புதான்,” என்ற குரல் விட்டுவிட்டுக் கேட்டது. கடைசியில் ஒரு பெயர் மிஞ்சியது. எத்தனை முறை அடித்தாலும் மணி போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. கிடங்கில் சொல்லி ஒரு சிலிண்டரை உடனே வண்டியில் ஏற்றச் சொன்னாள். வண்டி நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து வர வேண்டும். அதற்குள் போய்ப் பார்த்துவிடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

குடியிருப்பு பழையது. சுவரில் வயர்கள் கொடியாகப் படர்ந்திருந்தன. மூன்றாவது மாடிக்கு ஏறியபோது மூச்சிரைத்தது. நன்றாக இருக்கும் தனக்கே இரைக்கிறதே என்று நினைத்தாள். இந்தப் படிகளில் சிலிண்டரை ஒருவன் தோளில் போட்டுத் தூக்கி வந்திருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும். கதவு எண்ணைச் சரிபார்க்கக் கைப்பேசியை எடுத்தாள். எண் சரியாக இருந்தது. அதன் கீழே குறிப்பும் இருந்தது. காலையிலிருந்து எத்தனையோ படித்ததில் இதையும் படித்திருக்கிறாள். இப்போது அந்தக் கதவின் முன்னால் நின்று மறுபடியும் படித்தாள்.

‘தனியாக இருக்கிறார். அழைப்புமணி வேலை செய்யாது. பலமாகத் தட்டவும்.

மெதுவாகத்தான் வருவார். போய்விட வேண்டாம்.’

காலி சிலிண்டர் கதவுக்கு வெளியே இருந்தது. எடுத்துப் போக வருகிறவனுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று வாசலை மறைக்காமல் சுவரோரமாக நகர்த்தி, உருளாமல் இருக்க அடியில் ஒரு பழைய துண்டை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார். துண்டின் மேல் புழுதி படிந்திருந்தது. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இரண்டு பேர் எதையோ பேசிச் சிரித்தார்கள்.

பலமாகத் தட்டினாள். காத்திருந்தாள். எதிர்க் கதவு கொஞ்சம் திறந்து, ஒரு முகம் பார்த்துவிட்டு, “அவர் எந்திரிச்சு வர நேரமாகுங்க,” என்று சொல்லி மறுபடியும் மூடிக்கொண்டது. ரேடியோவில் பேச்சு முடிந்து பாட்டு ஆரம்பித்தது. அவள் காதைக் கதவோடு வைத்து, பாட்டுக்கு அடியில் செருப்பு தேயும் சத்தம் ஏதாவது வருகிறதா என்று கேட்டாள். பிறகு மறுபடியும் கையை ஓங்கித் தட்டினாள்.